ரோடெல் வெட்டு

ரோடெல் இறந்த நாற்பதாம் நாள் ஜெபம் பகல் பதினொன்றரைக்கு முடிந்தது. மெழுகுவர்த்திகளை அணைப்பதற்குள் சமையலறையிலிருந்து தட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. பயறும் பன்றிக்கறியும் பலாக்காயும் போட்ட குழம்பு, சோறு, ஒட்டரிசியை ஓலையில் சுற்றி வேகவைத்த ஈபோஸ், மரவள்ளிக்கிழங்கு கேக். இலோய்லோ நகரின் ஹாரோ பகுதியில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். உள்ளே சாப்பாட்டு மேசையைச் சுற்றி அலுவலகத்துக்காரர்கள் இருந்தார்கள். ரோடெல் பன்னிரண்டு வருடம் புரோகிராம் எழுதிய இடம் அது. அவன் தங்கை மாயுமியும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

கேக்கை வெட்டும் பொறுப்பை ஜோமர் எடுத்துக்கொண்டான். அலுவலகத்தில் வாய் ஓயாத ஆள் அவன்தான். ஜெபம் முழுக்க அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் கத்தி கைக்கு வந்ததும் கிளம்பிவிட்டது.

"எஃப்ரென் சாருக்குப் பெரிய துண்டு. வயிறு பெருசு, மனசும் பெருசு. சம்பள உயர்வுல மட்டும் கொஞ்சம் சின்னது."

"வெட்டுடா ஒழுங்கா," என்றார் எஃப்ரென். அவர்தான் நிறுவனத்தின் தலைவர்.

ஜோமர் துண்டைத் தூக்கினான். அது நடுவில் உடைந்து பாதி மேசை விரிப்பில் விழுந்தது.

"அய்யய்யோ, ரோடெல் ஆயிடுச்சு!"

சொல்லி முடித்த பிறகுதான் எந்த வீட்டில் நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. குழம்புச் சட்டியோடு வந்துகொண்டிருந்த நெனித்தா, ரோடெலின் மனைவி, அப்படியே நின்றாள்.

"என்ன ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல மனாங். வாய் தவறி..." என்றான் ஜோமர், அக்கா முறை வைத்து.

"என் புருஷன் பேரைச் சொன்ன. என்ன ஆயிடுச்சுன்னு கேக்கறேன்."

மாயுமி கையில் பாதி அவிழ்த்த ஈபோஸ் இருந்தது. அதை முழுதாக அவிழ்க்கவும் தோன்றவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை. நான்கு வருடமாக அவள் தினமும் காதில் வாங்கிக்கொண்டிருந்த சொல் அது. அந்த வீட்டுக்குள் மட்டும் அது வந்ததில்லை. இன்று வந்துவிட்டது.

அந்தச் சொல் பிறந்ததற்குக் காரணமே அவள்தான்.

நான்கு வருடத்துக்கு முன் அவள் அந்த அலுவலகத்தில் தற்காலிகம். ஆறு மாதம் முடிந்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. இலோய்லோவில் கப்பலுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் ஏராளம். அதில் ஒன்றுக்கு இவர்கள் பதிவுத் தளம் செய்துகொண்டிருந்தார்கள். மாலுமி தன் பெயர், வீட்டு முகவரி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண், கப்பலேறத் தயாராகும் தேதி எல்லாவற்றையும் படிவத்தில் நிரப்புவான். படிவம் அத்தனையையும் ஒரு நீண்ட இணைய முகவரியாகக் கோத்து அனுப்பும். இந்தப் பக்கம் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, பெயரைப் பெயர்க் கட்டத்திலும் எண்ணை எண் கட்டத்திலும் போட வேண்டும். பிரிக்கிற வேலை மாயுமிக்கு வந்தது.

அதற்கு ஆயத்தக் கருவிகள் உண்டு. உலகம் முழுக்கப் பல வருடம் அடிபட்டுத் தேறிய கருவிகள். ஒரு வரியில் கூப்பிட்டால் முடிந்தது. மாயுமி கூப்பிடவில்லை. தானே எழுதினாள். அண்ணன் சிபாரிசில் வந்தவள் என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னது அவளுக்கு எட்டியிருந்தது. நாற்பது வரியில் அழகாக எழுதிக் காட்டிவிட வேண்டும் என்று இருந்தது.

இணைய முகவரிக்கு உறுப்புகள் உண்டு. எந்த வழியில் போவது, எந்தத் தளம், அதற்குள் எந்தப் பாதை என்று வரிசையாக வரும். கேள்விக்குறிக்குப் பின்னால் விவரங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே & குறி. கடைசியில் # குறி வந்தால் அதற்குப் பிந்தியது வெறும் வால், வெட்டிப் போட்டுவிடலாம். விவரத்துக்கு உள்ளேயே இந்தக் குறிகள் வந்தால் குழப்பம் என்பதால் அவற்றை மாறுவேடத்தில்தான் அனுப்புவார்கள். # என்பது %23 என்று போகும். ஆகவே முதலில் வெட்ட வேண்டும். பிறகுதான் ஒவ்வொரு துண்டின் வேடத்தையும் கலைக்க வேண்டும்.

மாயுமி முதலில் எல்லா வேடத்தையும் கலைத்துவிட்டுப் பிறகு வெட்டினாள்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவர்கள் குடும்பப் பெயர் பெனியாரந்தா. நடுவில் வரும் Ñ முகவரிக்குள் %C3%91 என்று கொடூரமாகத் தெரிந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அந்த எழுத்து இருக்கிறது. வேலையைத் தொடங்கும்போதே அதைச் சுத்தம் செய்துவிட்டால் பார்க்கத் தெளிவாக இருக்குமே என்று நினைத்தாள். தன் பெயரையும் அண்ணன் வீட்டு முகவரியையும் கொடுத்துச் சோதித்தாள். பிளாக் ஏழு, மனை பன்னிரண்டு. எல்லாம் அதனதன் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. அன்று மாலை அண்ணனுக்கும் தனக்கும் பத்சோய் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டு எண்ணுக்கு முன்னால் # போட்டு எழுதுகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களின் %23 வேடம் கலைந்து நிஜமான # ஆனது. அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் வால் என்று வெட்டுண்டு போனது. தொலைபேசி எண் போயிற்று. தேதி போயிற்று. யாரும் கவனிக்காமல் ஐந்து வாரம் ஓடியது. பத்தொன்பது மாலுமிகளுக்குக் கப்பல் வந்துவிட்டது என்று சொல்ல ஆள் அனுப்பும் நிறுவனத்திடம் எண் இல்லை. கூப்பிட முடியாதவர்களை விட்டுவிட்டு அடுத்த ஆளை ஏற்றினார்கள்.

விஷயம் வெடித்த காலையில் எஃப்ரென் எல்லாரையும் திரைக்கு முன்னால் கூட்டினார். ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார், எந்த நாள் என்று காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. தப்பு நடந்த வரியில் யார் பெயர் வருகிறதோ அவர் மேசைக்கு ஒரு துணி எருமை போகும். ஒரு கொம்பு பிய்ந்துபோன பொம்மை. அடுத்த ஆள் தப்புப் பண்ணும்வரை அது அங்கேயே இருக்கும். அலுவலகத்தின் பழைய விளையாட்டு அது.

திரையில் வந்த பெயர் ரோடெல் பெனியாரந்தா.

மாயுமிக்கு உடனே புரிந்தது. பதிவுத் தளம் வெளியாவதற்கு முந்தின வாரம் ரோடெல் அந்தக் கோப்பு முழுவதையும் ஒழுங்குபடுத்தியிருந்தான். தங்கை கோணல்மாணலாக விட்டிருந்த இடைவெளிகளைச் சீராக்கினான். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆனால் எல்லா வரியும் அவன் தொட்ட வரியாகிவிட்டது. ஒரு படி பின்னால் போய்ப் பார்த்தால் அவள் பெயர் வரும். எஃப்ரென் பின்னால் போகவில்லை. இருந்த கோபத்தில் யாரும் போகவில்லை.

ரோடெல் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த தங்கையை ஒரு தரம் பார்த்தான்.

"என்னுதுதான் சார்," என்றான்.

வீட்டுக்குப் போகும் ஜீப்னி வண்டியில் அவள் பேச்செடுத்தாள். அண்ணனை மனோங் என்றுதான் கூப்பிடுவாள். "மனோங், நான் வந்து..."

"சும்மா வா, இண்டாய்," என்றான், தங்கையைச் செல்லமாகக் கூப்பிட்டு. " இன்னும் மூணு நாள்ல உனக்கு நிரந்தரம். அப்புறம் நீயே சொல்லிக்க." பிறகு சிரித்தான். "ஈபோஸ் கட்டைப் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு கொடுத்துட்டு அப்புறம்தான் ஓலையை அவுப்பாங்க. நீ கட்டோட அவுத்துட்ட. எல்லாம் ஒரே சோறு."

மூன்று நாள் கழிந்தது. நிரந்தரமும் ஆயிற்று. அன்று சொல்ல முடியவில்லை. கேக் வாங்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ரோடெல் மாலுமிகளின் வீடுகளுக்கு மன்னிப்புக் கேட்கப் போயிருந்தான். அடுத்த வாரம் அவனுக்குச் சொல்லி வைத்திருந்த சிங்கப்பூர் வேலையை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சொல்வதென்றால், முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது ஒரு முழம் நீண்டது.

ஒரு வருடம் கழித்து ஒரு காலை அவள் சீக்கிரம் அலுவலகம் போனபோது துணி எருமை அவள் மேசையில் இருந்தது. அவளைப் பார்த்து உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் வரவில்லை. எருமையை எடுத்துக்கொண்டு போய் அண்ணன் மேசையில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். ரோடெல் வந்தான், பார்த்தான், உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். எருமையை அவள் மேசையில் வைத்து அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த நான்கு வருடத்தில் எத்தனையோ பேர் தப்புப் பண்ணினார்கள். ரோடெல் எருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "என் புள்ளைய யாருக்கும் தத்து கொடுக்கறதா இல்ல," என்பான். விளையாட்டு அதோடு நின்றுபோய், அதற்குப் பதில் அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. எது தவறாக வெட்டுப்பட்டாலும் ரோடெல் வெட்டு. எது அரைகுறையாக நின்றாலும் ரோடெல் ஆயிடுச்சு. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது அதைத்தான். அவனும் சிரிப்பான். நாற்பது நாளுக்கு முன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலக மாடிப்படியில் மூச்சுவாங்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது. அடக்கம் முடிந்த மறுநாள் அச்சு இயந்திரத்தில் ஒரு பக்கம் பாதியில் நின்றபோது யாரோ பழக்கத்தில் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். மாயுமி தலை குனிந்துகொண்டாள்.

இப்போது ஜோமர் வேறு வழியில்லாமல் நெனித்தாவிடம் அதை விளக்கிக்கொண்டிருந்தான். மாலுமிகள் விவகாரம், அந்த வரி, எருமை எல்லாவற்றையும்.

"கேலிதான் மனாங். ஆனா கெட்ட கேலி இல்ல. அவரைப் புடிக்காதவங்க யாரும் அப்படிச் சொன்னதில்ல."

மேசையின் கோடியில் இருந்த ஆர்செனியோ சாப்பிடுவதை நிறுத்தினார். கறுத்து உயர்ந்த மனிதர். அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர். ஓட்டோன் ஊரிலிருந்து ஜெபத்துக்கென்று வந்திருந்தார்.

"அவரை வெச்சுக் கேலி பண்றதை நிறுத்துங்கப்பா. தப்பு யாரு பண்ணலே? எனக்குக் கப்பல் போச்சு, ஒத்துக்கறேன். ஆனா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு 'என் தப்புதான்'னு சொன்ன ஒரே ஆளு மனோங் ரோடெல். எங்கம்மா திட்டுன திட்டுல நாயே ஓடிப்போச்சு. இவரு அசையல. மறுபடி கப்பல் கெடைக்கற வரைக்கும் எட்டு மாசம் ஆபீஸ் ஆபீஸா என்னைக் கூட்டிட்டு அலைஞ்சாரு. பண்ண தப்புக்கு அப்படிப் பொறுப்பேத்துக்கிட்ட மனுஷனை நான் பார்த்ததில்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். நெனித்தா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். சிரிப்பது போல உதடு போயிற்று.

"நானும்தான் திட்டுனேன். சிங்கப்பூர் போச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கு, கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டு வேலை பார்க்க மாட்டியான்னு கேட்டேன். அதோட விட்டேனா? நாலு வருஷம். தண்ணிக் குழாயை மூட மறந்தாலும் அதையேதான் எடுப்பேன். சாகறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைகூட. அரிசியைக் கொட்டிட்டாரு. 'ஆமா, உனக்கு எதைத்தான் ஒழுங்காப் பண்ணத் தெரியும், கப்பல்காரங்களையே கவுத்தவன்தானே'ன்னேன்."

ஆர்செனியோ தட்டைப் பார்த்தார். ஜோமர் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

சொன்னால் இவளுக்குத்தானே வலிக்கும் என்று மாயுமிக்கு ஒரு நினைப்பு வந்தது. செய்யாத தப்புக்குப் புருஷனைத் திட்டித் தீர்த்திருக்கிறோம் என்று தெரிந்தால் தாங்குவாளா? இது புதிய நினைப்பில்லை. நாற்பது நாளாக அதைத்தான் போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். அதற்கு முன்னால் அது வேறாக இருந்தது: எஃப்ரென் சாருக்கு ஏமாற்றமாக இருக்கும். அதற்கும் முன்னால்: மூன்று நாள்தானே. ஒவ்வொரு தடவையும் தன் கழுத்துக்கு வரும் கயிற்றை இன்னொருவர் மேல் இருக்கும் அக்கறையாக மாற்றிக்கொள்ள அவளுக்கு நன்றாகவே வந்திருக்கிறது.

"அந்த வரியை எழுதுனது நான்," என்றாள்.

சத்தம் வரவில்லையோ என்று மறுபடி சொன்னாள். "மனோங் இல்ல. நான்தான் எழுதுனேன்."

பக்கத்தில் இருந்த பெண் அவள் தோளைப் பிடித்தாள். எஃப்ரென் எழுந்து வந்து குனிந்தார்.

"மாயுமி, உங்க அண்ணன் பேரு கெடக்கூடாதுன்னு உனக்கு இருக்கும். புரியுது. இங்க யாரும் அவனைத் தப்பா நினைக்கலேம்மா. நீ தலையில தூக்கிப் போட்டுக்கணும்னு இல்ல."

"தங்கச்சின்னா இப்படி இருக்கணும்," என்றார் ஆர்செனியோ.

ஜோமர் ஒரு கோப்பைத் தண்ணீரை அவள் முன்னால் நகர்த்தினான். "குடி, இண்டாய். என் நாக்கைத்தான் வெட்டணும்."

மாயுமி அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். எல்லா முகத்திலும் இரக்கம் இருந்தது. உண்மையைச் சொன்னதற்கு நல்லவள் என்ற பட்டம் கிடைத்துவிட்டது. இத்தோடு வாயை மூடிக்கொண்டால் போதும். சொன்னதும் ஆயிற்று, மாட்டிக்கொள்ளாததும் ஆயிற்று. ஒரு மடக்குக் குடிக்கும் நேரம் அவள் அப்படியே இருந்தாள். பிற்பாடு நினைக்கும்போது நான்கு வருடத்தைவிட அந்த ஒரு மடக்குத்தான் அவளை அதிகம் கூச வைத்தது.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, குழம்புச் சட்டியைத் தள்ளி, மேசையில் திறந்தாள். தப்பு திருத்தப்படுவதற்கு முந்தின நாள் அந்தக் கோப்பு எப்படி இருந்ததோ அதைக் கொண்டுவந்தாள். வரிகளின் இடப்பக்கம் முழுக்க அண்ணன் பெயர். மேலிருந்து கீழ்வரை ரோடெல், ரோடெல், ரோடெல். பிறகு, அண்ணன் இடைவெளிகளைச் சீராக்கிய அந்த ஒரு வேலையை மட்டும் கணக்கில் எடுக்காதே என்று ஒரு கட்டளை சேர்த்தாள். விசையைத் தட்டினாள்.

ஒரு கண்ணிமைப்பில் எல்லா வரியிலும் மாயுமி பெனியாரந்தா என்று வந்தது.

எஃப்ரென் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெருங்கினார். ஜோமர் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"அவருக்குத் தெரியுமா?" என்றார் எஃப்ரென்.

"தெரியும் சார். அன்னிக்கே. நிரந்தரம் ஆனதும் நீயே சொல்லிக்கன்னாரு. நான் சொல்லல."

யாரும் அவள் தோளைத் தொடவில்லை. பக்கத்துப் பெண் எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தாள். ஆர்செனியோ நாற்காலியை மெல்லப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "எங்கம்மா அவரைத் திட்டுனப்போ..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

நெனித்தா திரைக்கு முன்னால் வந்தாள். அந்த வரிகளில் ஒன்றும் அவளுக்கு விளங்காது. பெயரும் தேதியும் விளங்கும். விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினாள். விரலில் ஒட்டியிருந்த எண்ணெய் கோடாகப் படிந்தது.

"சிங்கப்பூர் போச்சுன்னு நான் கத்துனேனே," என்றாள், திரும்பாமல். "அப்போ நீ இங்கேதான் குடியிருந்த. பின்னால இருக்கற ரூம்ல."

"ஆமா மனாங்."

"அன்னிக்கு சமையக்கட்டுல என் பக்கத்துலதான் நின்ன. பூண்டு உரிச்சுக்கிட்டிருந்த."

"ஆமா."

"நான் உன்னைக் கேட்டேன். 'நீயே சொல்லு, உங்கண்ணனுக்குப் பொறுப்பு இருக்கா'ன்னு. நீ என்ன சொன்ன?"

அந்தக் கேள்வி நினைவில்லாததுபோல இருக்க மாயுமி எத்தனை முயன்றிருப்பாள்! பூண்டுத் தோல் விரலில் ஒட்டியதுகூட நினைவிருந்தது.

"விடுங்க மனாங், அவரு எப்பவும் அப்படித்தானேன்னு சொன்னேன்."

நெனித்தா தலையாட்டினாள். "ஆமா. அதான் சொன்ன."

அழுவாள், அடிப்பாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் உள் அறைக்குப் போனாள். ரோடெலின் படத்துக்குப் பக்கத்தில், பூவும் மெழுகுவர்த்தியும் வைத்திருந்த பலகையில், அலுவலகத்திலிருந்து அவன் பொருட்களோடு வந்த துணி எருமை இருந்தது. ஏதோ அவனுக்குப் பிடித்த பொம்மை என்று நினைத்து நாற்பது நாளாகத் தூசி துடைத்து வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து லேப்டாப்புக்குப் பக்கத்தில், மாயுமியைப் பார்த்த மாதிரி வைத்தாள்.

"இதை எடுத்துக்கிட்டுப் போ."

"மனாங்..."

"இன்னிக்கு வந்தவங்க சாப்பிடட்டும். நீ போ. அப்புறம் பேசலாமா வேணாமான்னு எனக்கே தெரியல."

மாயுமி வாசலைத் தாண்டும்போது ஆர்செனியோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இப்போது குடியிருக்கும் மோலோவுக்குப் போகும் ஜீப்னியில் கூட்டம். எருமையைப் பைக்குள் வைக்க இடமில்லை. மடியில்தான் வைத்துக்கொண்டாள். எதிரில் இருந்த கிழவர் அதைப் பார்த்துச் சிரித்து, "கொழந்தைக்கா, இண்டாய்?" என்று கேட்டார். அவள் அதைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அதை மேசையில் வைத்தாள். எல்லாரும் பார்த்தார்கள். எஃப்ரென் அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அந்தக் கோப்பின் தலைப்பில் நடந்ததை இரண்டு வரியில் எழுதி வைக்கச் சொன்னார். எழுதினாள். கீழே தன் பெயரைப் போட்டாள்.

வியாழக்கிழமை புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தியின் திரையில் பட்டியல் பாதியில் அறுந்து நின்றது. "அய்யோ, ரோடெல் ஆயிடுச்சு!" என்றாள் அவள், ஒன்றும் தெரியாமல்.

"அது ரோடெல் இல்ல," என்றான் ஜோமர்.

"பின்னே என்ன?"

மாயுமி தட்டச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். தன் பெயர் வரும் என்று நினைத்தாள். வரட்டும் என்றும் நினைத்தாள். அண்ணன் பெயரை வைத்து அவர்கள் நான்கு வருடம் எத்தனை செல்லமாக விளையாடியிருக்கிறார்கள்!

ஜோமர் வாயைத் திறந்தான். அவள் இருந்த பக்கம் பார்த்தான். எருமையைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல," என்றான். "பட்டியல் பாதியில நின்னுடுச்சு. அவ்வளவுதான்."